அட்மிஷன் கவுண்டர்ல யாரா கையெழுத்து போட்டீங்க?

சிங்கப்பூர் ஈசூன்லேர்ந்து ஒருத்தர் நீளமா எழுதியிருக்காரு. தஞ்சாவூர்லேர்ந்து விசிட் பாஸ்ல வந்த அம்மாவுக்கு ராத்திரி நெஞ்சுவலி, தனியார் ஆஸ்பத்திரியில சேர்த்தாரு, எஸ்டிமேட் 18,000 வெள்ளி, டிஸ்சார்ஜ் பண்றப்ப பில் 41,000. டெபாசிட் 8,000 போக 33,000 பாக்கி, இப்ப லாயர் லெட்டர் வந்திருக்கு. "பேஷண்ட் அம்மா, யாரும் எனக்கு எதையும் விளக்கல, நான் ஏன் கட்டணும்?"

நர்ஸ் எரிஞ்சு விழுந்தது, டாக்டர் ரெண்டு நிமிஷம்தான் நின்னாரு, எம்பிய போய் பாத்தும் பிரயோஜனம் இல்ல, எல்லாம் வேதனைதான், ஆனா பில்லுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. நீங்க அனுப்பின போட்டோல மூணாவது பக்கம் பாருங்க. உங்க கையெழுத்துக்கு நேர் மேல 'நெருங்கிய உறவினர்'னு மட்டும் இருந்தா கதையே வேற. அங்க இருக்கிறது கேரண்டர், அதாவது அவங்க கட்டலன்னா நான் கட்டறேன்னு ஜாமீன் நிக்கிறவரு. மகன்ங்கிறதுக்காக மட்டும் அம்மாவோட பில் உங்க தலையில விழாது, அடுத்தவர் கடனுக்கு பொறுப்பேத்துக்கிட்டா அது எழுத்துல கையெழுத்தோட இருக்கணும்னு சிவில் லா ஆக்ட் சொல்லுது, அந்த எழுத்தத்தான் ராத்திரி ரெண்டு மணிக்கு உங்ககிட்ட வாங்கிட்டாங்க. பதட்டத்துல படிக்காம போட்டேன்னு சொன்னா கோர்ட்டுல எடுபடாது.

எஸ்டிமேட் வெறும் எஸ்டிமேட்தான். வரி வரியா பில் கேட்டு வாங்குங்க, ஒரே ஐட்டம் ரெண்டு தடவ ஏறியிருந்தா குறைக்கச் சொல்லலாம். டிராவல் இன்சூரன்ஸ் கைவிரிச்சதுக்கும் கவுண்டர்தான் காரணம்: அம்மாவுக்கு சுகர் பத்து வருஷமா இருக்குன்னு சொன்னீங்க, அது ரிப்போர்ட்ல ஏறிடுச்சு, முன்னாடியே இருந்த வியாதின்னு தட்டிட்டாங்க. உண்மையத்தானே சொன்னீங்க, இப்ப போய் அத மாத்தித் தரச் சொல்லி யார்கிட்டயும் கேட்டுடாதீங்க. அந்தச் சண்டை தனி, அது முடியற வரைக்கும் ஆஸ்பத்திரி காத்திருக்காது.

நான் பயப்படறது வேற விஷயத்துக்கு. மினிமார்ட் வச்சிருந்த க்ளையண்ட் ஒருத்தர், இதே மாதிரி பில், கேஸ் போடட்டும் பாத்துக்கலாம்னு வந்த கடுதாசியெல்லாம் டிவிக்கு கீழ டிராயர்ல பிரிக்காமலே போட்டு வச்சாரு. ஒரிஜினேட்டிங் கிளெய்ம், அதான் கேஸ ஆரம்பிக்கிற கோர்ட் பேப்பர், கைக்கு வந்தா 14 நாளுக்குள்ள எதிர்க்கிறேன்னு நோட்டீஸ் போடணும், போடலன்னா உங்கள கேட்காமலே தீர்ப்பு. உங்க தொகை சிறு கோரிக்கை மன்றத்தோட 20,000 வெள்ளி வரம்ப தாண்டிடுச்சு, ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்டாக்கூட 30,000தான், அதனால மாஜிஸ்ட்ரேட் கோர்ட், தோத்தா அவங்க லாயர் செலவும் உங்க தலையில. அப்புறம் ஸ்டேச்சுட்டரி டிமாண்ட், கடன கட்டுன்னு சட்டப்படி அனுப்பற நோட்டீஸ். கடன் 15,000 வெள்ளி இருந்தாலே போதும், கட்டாம விட்டா 21 நாள் கழிச்சு திவால் மனு போடலாம். அந்த மினிமார்ட்காரருக்கு அதான் நடந்துச்சு. ஊர்ல அப்பா காரியத்துக்குப் போக திவாலானவங்கள கவனிக்கிற அரசாங்க அதிகாரி அஃபிஷியல் அசைனிகிட்ட அனுமதி கேட்டு நின்னாரு.

இன்னொரு ரகம், பயந்துபோய் 'தீபாவளிக்குள்ள கட்டிடறேன்'னு வாட்ஸ்அப்ல எழுதறவங்க. கடன ஒத்துக்கிட்டதுக்கு அதுவே சாட்சி, கேஸ் போடறதுக்கான ஆறு வருஷக் கெடுவும் அன்னையிலேர்ந்து புதுசா ஓட ஆரம்பிக்கும். 'வித்தவுட் ப்ரெஜுடிஸ்'னு, அதாவது இது சமரசப் பேச்சு, கோர்ட்டுல சாட்சியா காட்டக்கூடாதுன்னு, தலைப்பு போடாம ஒரு வரி எழுதாதீங்க.

நேராவே சொல்றேன், இத ஜெயிக்க முடியாது, செட்டில் பண்ணுங்க. மொத்தமா ஒரு தொகை கையில இருந்தா குறைச்சுக் கேளுங்க, இல்லன்னா மாசத் தவணை. எதுவானாலும் ஃபுல் அண்ட் ஃபைனல், இதோட கணக்கு தீர்ந்துச்சுன்னு அவங்க எழுதிக் கொடுக்கிறதுக்கு முன்னாடி காசு போகக்கூடாது.

அண்ணன் பாதி தர்றேன்னு போன்ல சொன்னாராம். அதையும் எழுத்துல வாங்கிக்குங்க.