ஸ்டியரிங் இறுகுது... ஃபியூஸா, வேறயா?

கேள்வி: பழைய கார் வாங்கி ஓட்டுகிறேன், எலெக்ட்ரிக் பவர் ஸ்டியரிங். சில நாள் காலையில் எடுத்தவுடன் ஸ்டியரிங் கல்லு மாதிரி இறுகுகிறது, டேஷ்போர்டில் ஸ்டியரிங் விளக்கு எரிகிறது. அணைத்துவிட்டுத் திரும்ப ஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறது. ஒர்க்‌ஷாப்பில் மோட்டாரோடு மொத்தமாக மாற்றச் சொல்கிறார்கள், பக்கத்து வீட்டு அண்ணன் ஃபியூஸ் என்கிறார். எது சரி?
- வாசகர், குளச்சல்

பதில்: ஃபியூஸ் எரிந்தால் எரிந்ததுதான், அணைத்துப் போட்டால் உயிர் வராது. உங்களுக்கு வந்து வந்து போகிறது என்பதால் எரிந்த ஃபியூஸாக இருக்க வாய்ப்பு குறைவு. ஆனாலும் அங்கிருந்தே தொடங்குங்கள், காசு செலவில்லை, அது உட்காரும் இடம் தளர்ந்திருந்தாலும் இதே கூத்துதான் நடக்கும்.

பானட்டுக்குள் பேட்டரி பக்கத்தில் கறுப்புப் பெட்டி இருக்கும், மூடியின் உள்பக்கம் எது எதற்கு என்று போட்டிருக்கும். ஸ்டியரிங் ஃபியூஸ் தடிமனானது, பல கார்களில் 50 ஆம்பியருக்கு மேல், சிலவற்றில் போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். அதைக் கழற்றும் முன் பேட்டரியின் மைனஸ் வயரை எடுத்துவிடுங்கள். கால் பக்கம் டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள பெட்டியில் இன்னொரு சின்ன ஃபியூஸ் இருக்கலாம். அதைப் பிடுங்கவே வேண்டாம், சாவியை ஆன் செய்து, மல்டிமீட்டரின் கறுப்பு முனையைக் காரின் பாடி உலோகத்தில் வைத்து, சிவப்பு முனையை ஃபியூஸ் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளியிலும் ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் 12 வோல்ட் காட்டி மறுபக்கம் ஒன்றும் இல்லையென்றால் போய்விட்டது.

எனக்குச் சந்தேகம் பேட்டரி மேல்தான். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது மோட்டார் நிறைய கரண்டை இழுக்கும், அதனால் பேட்டரி பலவீனமாக இருந்தால் ஹாரன், லைட் எல்லாம் ஒழுங்காக இருக்கும்போதே ஸ்டியரிங் மட்டும் கைவிடும். ராத்திரி முழுக்க நின்ற காரில் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும், என்ஜின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை. அப்புறம் உங்கள் ஊர் உப்புக்காற்று. டெர்மினலில் பச்சைக் களிம்பு பூத்திருக்கிறதா, மைனஸ் வயர் பாடியில் சேரும் போல்ட் துருப்பிடித்திருக்கிறதா என்று பாருங்கள், சுரண்டிச் சுத்தம் செய்து முடுக்குங்கள். இதிலும் சரியாகவில்லையென்றால் ஸ்கேனர் போட்டு, காரின் கம்ப்யூட்டரில் பதிவான பிழைக் குறியீட்டை (எரர் கோட்) எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் குறியீட்டைப் பார்க்காமல் மோட்டாரை மாற்றச் சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

கேள்வி: மாற்றிய ஃபியூஸ் திரும்பவும் எரிகிறது. ஆம்பியர் கூட்டிப் போடலாமா?
- வாசகர், மார்த்தாண்டம்

பதில்: கூடவே கூடாது, கம்பி சுற்றவும் கூடாது. ஃபியூஸ் தாங்கினால் அடுத்து வயர் உருகும், தீப்பிடிக்கும். திரும்ப எரிகிறது என்றாலே எங்கோ ஷார்ட், இல்லை மோட்டார் சிக்குகிறது. ரப்பர் தோட்டம் பக்கம் நிறுத்துகிறீர்களா? எலி கடித்த வயரை முதலில் தேடுங்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே மஞ்சள் கனெக்டரை மட்டும் தொடாதீர்கள், அது ஏர்பேக்.

கேள்வி: என்னுடையது ஆயில் ஊற்றும் பழைய பவர் ஸ்டியரிங். இதற்கும் ஃபியூஸ் உண்டா?
- வாசகர், தக்கலை

பதில்: பம்ப்பை என்ஜின் பெல்ட்தான் சுற்றுகிறது என்றால் தேட வேண்டாம். ஆயில் அளவு, பெல்ட் தளர்வு, ஹோஸ் கசிவு, இந்த மூன்றையும் பாருங்கள். திருப்பும்போது கீச்சென்று கத்தினால் பெரும்பாலும் பெல்ட்.