சென்னையில் மொட்டை மாடியில் ஜிபிஎஸ் ரிசீவர் வைத்து அயனி மண்டலத்தை (வளிமண்டலத்தின் உயரத்தில் எலக்ட்ரான்கள் பிரிந்து திரியும் அடுக்கு) கவனிக்க முடியுமா?

முடியும். ஆனால் ரிசீவர் இரண்டு அதிர்வெண்களை வாங்க வேண்டும்: எல்1 (1575.42 மெகாஹெர்ட்ஸ்), எல்2 (1227.60). அயனி மண்டல எலக்ட்ரான்கள் எல்2-வைக் கூடுதலாகத் தாமதப்படுத்தும். அந்த வித்தியாசத்தை வைத்து, சிக்னல் வந்த வழியில் எவ்வளவு எலக்ட்ரான் என்று கணக்கிடலாம். சிக்னல் வரும் வழியை ஒரு சதுர மீட்டர் குறுக்குவெட்டுள்ள தூணாக நினைத்து, அதில் 1-க்குப் பின் 16 பூஜ்யம் போட்ட அளவு எலக்ட்ரான் இருந்தால், எல்1-இல் தூரக் கணக்கில் சுமார் 16 செ.மீ. பிழை வரும். ரிசீவரும் செயற்கைக்கோளும் தாமே சேர்க்கும் தாமதத்தைக் கழிப்பதுதான் உண்மையான தலைவலி.

சரி, சென்னையில் என்ன விசேஷம்? காந்த நடுக்கோடு (பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாகக் கிடக்கும் கோடு) தமிழகத்தின் தென்கோடிப் பக்கம் போகிறது. அதனால் பொழுது சாய்ந்ததும் எலக்ட்ரான் குறைந்த குமிழிகள் மேலெழுந்து சிக்னலை நட்சத்திரம் போல மினுங்க வைக்கும். சூரியன் சுறுசுறுப்பாக உள்ள ஆண்டுகளில், மார்ச், செப்டம்பர் வாக்கில் இரவு எட்டு மணிக்கு மேல் பாருங்கள்.