தன்மீது பரிவு காட்டினால் தப்பு மறந்துபோகுமா?

திருட்டு வழக்கில் சிக்கிச் சீர்திருத்த இல்லத்திலிருந்து திரும்பிய உங்கள் தம்பி, "நான் உருப்படவே மாட்டேன்" என்று முடங்கிக் கிடக்கிறான். ஆலோசகரோ அவன் தன்மீதே பரிவு காட்டப் பழக வேண்டும் என்கிறார். இது செய்ததைப் பூசிமெழுகும் வேலை இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான பயம்தான். ஆனாலும் நான் ஆலோசகர் பக்கம்.

"நான் செய்தது தப்பு" என்பது குற்றவுணர்வு. "நானே தப்பு" என்பது அவமானம். இரண்டும் செய்யும் வேலை வேறு. சிறைவாசிகளை விடுதலைக்குப் பிறகும் கவனித்து உளவியலாளர் ஜூன் டேங்னி குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், குற்றவுணர்வு மிகுந்தவர்கள் மீண்டும் குற்றத்தில் இறங்குவது குறைவாக இருந்தது. அவமானமோ பழியைப் பிறர்மேல் தள்ளவைத்து, அந்த வழியாகப் பழைய பாதைக்கே இழுத்தது. (அவர்கள் வயதுவந்தவர்கள், சிறுவர்களுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது.) தம் தவறைப் பரிவோடு அணுகிய மாணவர்களிடம் அதைச் சரிசெய்யும் ஆர்வம் கூடியதாக 2012இல் உளவியலாளர்கள் பிரைன்ஸும் சென்னும் காட்டினார்கள்.

"பாவம், நீ என்ன செய்வாய்" என்று தட்டிக்கொடுப்பது பரிவு அல்ல, செல்லம். அவனிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: உன் நண்பன் இதையே செய்துவிட்டு உன்னிடம் வந்து அழுதால் என்ன சொல்வாய்? பெரும்பாலும் அவன் தப்பை மறைக்கவும் மாட்டான், நண்பனைக் கைவிடவும் மாட்டான். பதிலை அவன் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். பொருளை இழந்தவருக்கு ஈடுசெய்யும் பேச்சு அதற்குப் பிறகு வரட்டும். அதையும் ஆலோசகர் மூலமாகவே செய்யுங்கள், நேரே பொருளை இழந்தவர் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டாம்.