வள்ளியம்மா என்றே வையுங்கள்

அன்புள்ள அக்கா,

எங்களுக்குப் பெண் பிறந்து பதினோரு நாள் ஆகிறது. வள்ளியம்மா என்று பேர் வைக்க எனக்கு ரொம்ப ஆசை, மனைவிக்கும் சம்மதம். ஆனால் மாமியார், "முருகனுக்கு இரண்டாவதாக வாய்த்தவள் பேர் வேண்டாம்" என்கிறார். அப்பாவோ, காந்தியின் போராட்டத்தில் சிறைக்குப் போய் பதினாறு வயதில் இறந்துவிட்ட பிள்ளையின் பேராச்சே என்று தயங்குகிறார். தங்கை சொல்வது வேறு: "பள்ளிக்கூடத்தில் எப்படியும் வால் (Val) என்று சுருக்கிவிடுவார்கள், பேசாமல் வேலரி என்றே பதிந்துவிடு." 30 நாளைக்குள் பதிய வேண்டும். என்ன செய்யட்டும்?

ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள தம்பி,

குழந்தைக்கு முதலில் என் முத்தம். வள்ளியம்மா என்றே வையுங்கள், முழுசாக.

மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், தெய்வானையைக் கட்டிக்கொடுத்தார்கள், வள்ளியோ தினைப்புனத்தில் கிளி விரட்டிக்கொண்டிருந்த இடத்தில் அவளைத் தேடி முருகனே வந்தான், வேடனாகவும் கிழவனாகவும் வேஷம் போட்டுக்கொண்டு அவள் பின்னால் அலைந்தான். நற்றிணையிலேயே முருகனோடு சேர்ந்து வருகிறவள் வள்ளிதான். தைப்பூசத்துக்கு டர்பனில் காவடி எடுக்கிற நம் ஜனத்துக்கு அவள் பேர் எப்படி ஆகாமல் போகும்?

அப்பாவின் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பிள்ளை எதற்காகப் போனாள் என்பதையும் அவர் நினைத்துப் பார்க்கட்டும். 1913 மார்ச்சில் இங்கே கேப் மாகாண நீதிமன்றம், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத கல்யாணம் செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. தாலி கட்டிக்கொண்ட நம் பெண்கள் யாருமே சட்டப்படி மனைவி இல்லை என்று ஆகிவிட்டது. அதையும், ஒப்பந்தக் கூலி வேலை முடிந்து இங்கேயே தங்கிய நம்மவர்கள் மேல் போட்ட மூன்று பவுன் வரியையும் எதிர்த்துக் கிளம்பிய பெண்களில் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த வள்ளியம்மாவும் ஒருத்தி. நான் குடியிருக்கிற இந்த பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஊரின் சிறையில்தான் அவளை அடைத்தார்கள். காய்ச்சலோடு வெளியே வந்தவள் 1914 பிப்ரவரி 22இல் இறந்தாள். அவள் பிறந்த நாளும் அதுதான். அந்தப் பேரை அபசகுனம் என்று ஒதுக்க எனக்கு மனசு வரவில்லை. தமிழ்நாட்டில் அவளை வள்ளியம்மை என்று எழுதுகிறார்கள், நமக்கு இங்கே வள்ளியம்மா. இரண்டும் அவள்தான்.

இனி உங்கள் தங்கை சொன்னது. இதைத்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் ஆயா, அதாவது பாட்டி, பேரும் வள்ளியம்மா.

ஆயா கூடையில் கீரையும் மடும்பிக் கிழங்கும் சுமந்து வெள்ளைக்காரர் வீடுகளுக்குப் போய் விற்பாள். சின்னவளாக இருந்தபோது நானும் கூடப் போயிருக்கிறேன். எந்த வீட்டிலும் அவள் வள்ளியம்மா இல்லை, எல்லா வீட்டிலும் மேரி. அந்தக் காலத்தில் நம் ஆண்கள் எல்லாரும் சாமி, பெண்கள் எல்லாரும் மேரி. ஒரு வீட்டுக்காரம்மா பாக்கிக் கணக்கை ஒரு சின்ன நோட்டில் எழுதுவார், அதிலும் மேரிதான். எட்டு வருஷமாக அந்த வீட்டுக்குப் போனவளிடம் உன் பேர் என்ன என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஆயா சும்மாட்டைத் தலையிலிருந்து எடுக்கும்போது தாத்தா உள்ளேயிருந்து "வள்ளி, வந்திட்டியா" என்பார். அவ்வளவுதான், முகமே மாறிவிடும். அக்கம்பக்கத்தில் வள்ளிக்கா, அவளுடைய பெரியம்மாவுக்கு மட்டும் வள்ளிக்கண்ணு.

அதனால்தான் சொல்கிறேன், செல்லப்பேர் எத்தனை வேண்டுமானாலும் இருக்கட்டும், ஆசையாகக் கூப்பிடுகிறவர்கள் வாயிலிருந்து அது தானாக வரட்டும். வள்ளியைச் சுருக்கம் என்றுகூட நான் சொல்ல மாட்டேன், மூலப் பேரே அதுதானே, அம்மா என்பது நாம் மரியாதையாகச் சேர்த்தது. வள்ளிம்மா, அம்மு, வள்ளிக்குட்டி எல்லாம் அழகு. வால் எனக்குப் பிடிக்காது, அந்தப் பேரின் உயிரே ள்ளியில்தான் இருக்கிறது, அதையே வெட்டி எறிந்துவிட்டு என்ன மிச்சம்? ஆனாலும் நாளைக்கு அவள் சிநேகிதிகள் பிரியமாக அப்படிக் கூப்பிட்டு அவளுக்கும் அது பிடித்துவிட்டால் தடுக்காதீர்கள். வேலரி நல்ல பேர்தான், ஆனால் அது லத்தீனிலிருந்து வந்த வேறொரு பேர். வாத்தியார் நாக்குக்குச் சிரமம் என்று இப்போதே, பிள்ளைக்குக் கண்கூடச் சரியாகத் திறக்காத வயதில், நாமே பேரை மாற்றிக் கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை. தமிழ் தெரியாதவர்கள் வேலி மாதிரி ஏதோ சொல்வார்கள், பத்து தடவை திருத்தினால் பக்கத்தில் வந்துவிடும்.

அப்புறம் ஒன்று. ஆங்கிலத்தில் எழுதும்போது இரண்டு எல் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆயாவின் அடையாள அட்டையில் ஒரு எல் விட்டுப்போய், கடைசி வரைக்கும் அவள் வலியம்மாவாகவே இருந்தாள், எழுதிக்கொடுத்ததை அவளுக்குப் படித்துக் காட்ட யாரும் இல்லை. நீங்கள் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. பதிந்ததும் எனக்கு எழுதுங்கள், வீட்டில் அவளை யார் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதையும் சேர்த்து.

அன்புடன்,
அக்கா