ஓர் எலும்பைக் கொண்டு எடை சொல்ல முடியுமா?

கேள்வி: நியூசிலாந்தில் 150 கிலோ எடையுள்ள பென்குயின் வாழ்ந்ததாக என் மகன் படித்துவிட்டுச் சொன்னான். முழு எலும்புக்கூடே கிடைக்காதபோது எடையை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? எங்கள் கடலைப் போல வெப்பமான கடலில் பென்குயின் வாழுமா?
– ஒரு வாசகி, நீரோடி (கன்னியாகுமரி மாவட்டம்)

பதில்: உங்கள் மகன் படித்தது, 2023-இல் ஆய்வாளர்கள் பெயரிட்ட 'குமிமானு ஃபோர்டைசி' பற்றியதாக இருக்க வேண்டும். ஏறத்தாழ 5.7 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அப்பறவையின் எலும்புகள், வடக்கு ஒட்டாகோ கடற்கரையில் உருண்டைப் பாறைகளுக்குள் கிடைத்தன. பறக்கும் பறவைகளின் எலும்புகள் பெரும்பாலும் உள்ளீடற்றவை. நீரில் மூழ்கி இரை தேடும் பென்குயினின் எலும்புகளோ கெட்டியானவை என்பதால், கல்லாகி நிலைக்கும் வாய்ப்பு அவற்றுக்கு அதிகம். 1859-இல் ஆங்கில உயிரியலாளர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி முதன்முதலாக ஒரு பென்குயின் புதைபடிவத்தை விவரித்ததும் ஒரே ஒரு கால் எலும்பைக் கொண்டுதான்.

அறுத்து வைத்த தலையை மட்டும் பார்த்தே, கேரைச் சூரை எத்தனை கிலோ இருந்திருக்கும் என்று சொல்லும் பெரியவர்கள் உங்கள் கரையில் இருப்பார்கள். முழு மீனை எத்தனையோ முறை எடைபோட்டுக் கண்ட அனுபவம் அது. ஆய்வாளர்களும் இன்றைய பென்குயின்களின் இறக்கை எலும்புகளை நூற்றுக்கணக்கில் அளந்து, எலும்பின் பருமனுக்கும் உடல் எடைக்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்து, அதைப் புதைபடிவத்துக்குப் பொருத்தியே சுமார் 150 கிலோ என்ற முடிவுக்கு வந்தார்கள். ஆனால் குமிமானுவை முழுதாகக் கண்டவர் எவருமில்லை. இன்றுள்ளவற்றில் மிகப் பெரிதான எம்பரர் பென்குயினே சுமார் 40 கிலோதான். அளந்து பார்த்த எல்லையைத் தாண்டிக் கணக்கு நீள்வதால், 150 கிலோவைத் தராசு காட்டிய எண்ணாகக் கொள்ளாமல், நம்பத்தக்க மதிப்பீடாகக் கொள்வதே முறை. உயரத்தில் இன்னும் கவனம் வேண்டும்: அண்டார்டிகாவின் சீமோர் தீவில் கிடைத்த ஓர் இனத்துக்குச் சொல்லப்படும் 2 மீட்டர், அலகு நுனியிலிருந்து கால் விரல் வரை நீட்டி அளக்கும் நீளம், நிற்கும் உயரம் அதைவிடக் குறைவு.

வெப்பக் கடலில் அவை வாழ்ந்தன. குமிமானுவின் காலத்தில் உலகமே இன்றைவிட வெப்பமாக இருந்தது. பெருவில் கிடைத்த, 1.5 மீட்டர் உயரமுள்ள 'இக்காடிப்டீஸ்' என்ற பென்குயின், 3.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமத்திய ரேகைக்குத் தெற்கே சுமார் 14 பாகையில் வாழ்ந்தது. ஆனால் நம் கரையில் பென்குயின் புதைபடிவம் எதுவும் கிடைத்ததில்லை.