சர்க்கரை மாத்திரை எடுப்பவர் 21 நாள் உபவாசம் இருக்கலாமா?

கேள்வி: எங்கள் சபையில் 21 நாள் உபவாச ஜெபம் தொடங்குகிறது. எனக்கு 52 வயது, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். போன தடவை மூன்றாம் நாளே மயங்கி விழுந்துவிட்டேன். மகனுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று இந்த முறை முழுவதும் இருக்க நினைக்கிறேன். இடையில் சாப்பிட்டால் விசுவாசக் குறைவாகிவிடுமா?

பதில்: ஆகாது சகோதரி. முதலில் மாத்திரை விஷயத்தைப் பார்த்துவிடுவோம். இன்சுலினும் சில சர்க்கரை மாத்திரைகளும், நீங்கள் சாப்பிடாவிட்டாலும் ரத்தச் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். கை நடுங்கும், வியர்க்கும், படபடக்கும், அப்புறம் மயக்கம். போன தடவை நடந்தது இதுவாகவே இருக்கலாம். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்துவதும் ஆபத்து. டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைச் சாப்பாட்டைக்கூட விட வேண்டாம்.

இனி அந்த 21 நாள். தானியேல் 10-ஆம் அதிகாரத்து மூன்று வாரக் கணக்குதான் இது. ஆனால் தானியேல் அங்கே பட்டினி கிடக்கவில்லை. ருசியான அப்பத்தையும் இறைச்சியையும் திராட்சரசத்தையும் விட்டார், தைலம் பூசிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். வேதாகமத்து ராணி எஸ்தர் தண்ணீரும் குடிக்காமல் இருந்தது மூன்றே நாள். அதுவும் ஒரு ஜனமே அழியப்போகிற நேரத்தில். கத்தோலிக்கர் ‘ஒருசந்தி’ என்று சொல்லும் உபவாசத்திலும் ஒரு வேளை முழுச் சாப்பாடு உண்டு. அவர்கள் சட்டப்படி அது கட்டாயமான நாட்கள் வருடத்தில் இரண்டு, சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும். 18 வயதுக்குக் கீழும் 59-க்கு மேலும் கட்டாயமில்லை, நோயாளிகளுக்கும் இல்லை. பழைய சபைகள் இதில் நம்மைவிட நிதானமானவை என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

மகன் வேலைக்கு வருவோம். நாங்கள் உபவாசம் இருந்தும் நீர் பார்க்கவில்லையே என்று ஏசாயா 58-இல் ஜனங்களும் முறையிடுகிறார்கள். உபவாச நாளிலும் வேலையாட்களைக் கசக்கிப் பிழிகிறீர்களே என்பதுதான் கிடைத்த பதில். கோரிக்கை நிறைவேறும்வரை பந்தலில் உட்காரும் உண்ணாவிரதப் போராட்டம் போல உபவாசத்தை ஆக்கிவிட்டோம். கடவுள் அரசாங்கமும் இல்லை, நாம் சங்கமும் இல்லை. மகனுக்காகக் கேளுங்கள், தாராளமாகக் கேளுங்கள். பசியை விலையாக வைக்காதீர்கள்.

அப்படியானால் பசி எதற்கு? மணியடிக்க. வயிறு கூப்பிடும்போதெல்லாம் ஜெபம் ஞாபகத்துக்கு வர வேண்டும். ஜெபிக்க நேரம் ஒதுக்காமல் மத்தியானம்வரை சீரியல் பார்த்துவிட்டுச் சாப்பிட்டால் அது தாமதமான சாப்பாடு மட்டுமே. உங்களுக்கு வேளை தவறாமல் சாப்பாடு வேண்டும். அதனால் தானியேல் வழியில் மீனையும் கறியையும் விடுங்கள். (இனிப்பை விட்டேன் என்று கணக்கில் எழுத வேண்டாம், டாக்டர் ஏற்கெனவே விடச் சொன்னதுதானே!) எளிய சமையலில் மிச்சமாகும் அரை மணி நேரத்தில் போனைத் தள்ளி வைத்துவிட்டு 63-ஆம் சங்கீதத்தை மெதுவாக வாசியுங்கள். அப்புறம் மகன் பெயரைச் சொல்லுங்கள். சில நாள் ஒன்றும் தோன்றாது, சும்மா உட்கார்ந்திருங்கள்.

மீன் வாங்காத காசு? அன்று சாப்பிடாத உணவின் விலையைக் கணக்கிட்டு விதவைக்கோ அநாதைக்கோ கொடு என்று இரண்டாம் நூற்றாண்டு ரோமாபுரிச் சபையின் நூல் ஒன்று சொல்கிறது. நம் அம்மாக்கள் உலையில் போடுமுன் பிடியரிசி எடுத்து வைத்ததும் ஏறக்குறைய இந்தக் கணக்குதான். பக்கத்தில் யாருக்கு அடுப்பு எரியவில்லை என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

உபவாசம் அந்தரங்கமாக இருக்கட்டும் என்று மத்தேயு 6 சொல்வது பிறர் மெச்சுவதற்காகக் காட்டிக்கொள்வதைத் தடுக்கத்தான். வீட்டாரிடமும் போதகரிடமும் சர்க்கரை நோயைச் சொல்லிவிடுங்கள். “முழு உபவாசம்தான் உபவாசம்” என்று யாராவது வற்புறுத்தினால் தானியேல் 10:3-ஐக் காட்டுங்கள். கூடுகைக்குப் போகும்போது பையில் ஒரு பொட்டலம் சர்க்கரை இருக்கட்டும். நடுக்கம் வந்தால் ஜெபம் முடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே வாயில் போட்டுக்கொள்ளுங்கள்.