மகள் ஓபரா பாட வேண்டும் என்கிறாள்: லண்டன் தாய்க்கு ஒரு பதில்

அன்புள்ள அம்மா,

17 வயது மகள் மெஸ்ஸோ-சொப்ரானோ (சொப்ரானோ என்ற உச்சப் பெண் குரலைவிடச் சற்றுத் தாழ்ந்த குரல்; சுருக்கமாக மெஸ்ஸோ) பாடகியாக வர ஆசைப்படுகிறாள், பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் படிப்பா இசைக் கல்லூரியா என்று வீட்டில் தினமும் வாக்குவாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போதே முடிவெடுக்காவிட்டால் வாய்ப்பு போய்விடுமோ என்ற பயம் உங்கள் கடிதம் முழுக்கத் தெரிகிறது. வயலினுக்கும் பியானோவுக்கும் அந்தப் பயம் நியாயமானது. குரலுக்கு அவ்வளவு இல்லை.

மெஸ்ஸோ குரல் நன்கு முதிர்வதற்குள் பெரும்பாலும் முப்பதை நெருங்கிவிடும். 17 வயதில் அந்தப் பெயரே தற்காலிகம்தான். மேல் சுரங்கள் இன்னும் திறக்காத சொப்ரானோ பிள்ளைகள் எத்தனையோ பேர் பள்ளிப் பாடகர் குழுவில் தாழ்ந்த குரலுக்கான ஆல்டோ வரிசையில் நிற்கிறார்கள். இங்கிலாந்தின் பெருமைக்குரிய மெஸ்ஸோ ஜேனட் பேக்கர் முதலில் லீட்ஸில் வங்கி வேலை பார்த்தவர். அமெரிக்காவின் ஜாய்ஸ் டிடோனாட்டோ பள்ளி இசை ஆசிரியை ஆகும் எண்ணத்தோடுதான் கான்சாஸில் படித்தார். ஓபரா பயிற்சிக்குப் போனது அதற்கு அப்புறம்தான்.

அதனால் பல்கலைக்கழகப் பட்டம் முதலில், இசைக் கல்லூரி முதுநிலையில் என்பதும் நல்ல வழியே. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரிகளின் தேவாலயப் பாடகர் குழுக்களில் உதவித்தொகையோடு பாடியபடி வேறு பாடம் படித்து, பிறகு இந்தத் தொழிலுக்கு வந்தவர்கள் நிறைய. ஆனால் லண்டனின் ராயல் அகாடமி, கில்ட்ஹால், மான்செஸ்டரின் ராயல் நார்தர்ன் போன்ற இசைக் கல்லூரி ஒன்று இப்போதே இடம் கொடுத்து, அவளும் மனதார விரும்பினால், தயவுசெய்து தடுக்காதீர்கள். இளநிலைக்கு அங்கேயும் அரசின் மாணவர் கடன் உண்டு. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: இசைக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் கெடு அக்டோபர் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். மற்ற பெரும்பாலான படிப்புகளைப் போல ஜனவரி வரை இருக்கிறது என்று இருந்துவிடாதீர்கள்.

எந்த வழியானாலும் காலக்கணக்கை வீட்டில் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். இளநிலை, முதுநிலை, அதன்மேல் ஓபரா பயிற்சி என்று போனால் 26 வயது ஆகிவிடும். அதன் பிறகுதான் கோரஸ், சின்ன வேடம், முக்கியப் பாடகிக்கு உடம்பு சரியில்லை என்றால் மேடையேறத் தயாராக இருக்கும் மாற்றுப் பாடகி வேலை எல்லாம். 22 வயதில் "எப்போது சம்பாதிப்பாய்?" என்று கேட்டால் அவளிடம் பதில் இருக்காது. அந்த வயதில் யாரிடமும் இல்லை.

வருமானத்தைப் பற்றிக் கேட்டீர்கள். பிரிட்டனில் தனிப் பாடகர்கள் பெரும்பாலும் நிரந்தர வேலையில் இருப்பதில்லை. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தனி ஒப்பந்தம், அதில் ஏஜென்டுக்கு ஒரு பங்கு. தொண்டை கட்டிப் பாட முடியாமல் போனால் அந்த இரவின் பணம் பெரும்பாலும் கிடைக்காது. ஜெர்மனியில் நிலைமை வேறு. அங்கே பல நகரங்களின் ஓபரா அரங்குகள் மாதச் சம்பளத்துக்குப் பாடகர்களை வைத்திருக்கின்றன. லாட்வியாவின் எலினா கராஞ்சா மைனிங்கன் என்ற சிறிய ஊரின் அரங்கில்தான் தொடங்கினார். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு பிரிட்டிஷ் கடவுச்சீட்டு மட்டும் உள்ளவர்களுக்கு அங்கே வேலை அனுமதி வேண்டும். இருந்தாலும் அந்தக் கதவு மூடவில்லை. ஆகவே ஏ-லெவலில் (பள்ளி இறுதித் தேர்வில்) ஜெர்மன் எடுக்க முடியுமானால் எடுக்கட்டும்.

மெஸ்ஸோவுக்கு நாயகி வேடம் குறைவு. பிஸேயின் கார்மென், ரோஸினியின் ஓபராவில் வரும் ரோஸினா என்று சில உண்டு. மொத்சார்ட்டின் கெருபினோ, ஸ்ட்ராஸின் ஆக்டேவியன் போன்று பெண்களே ஏற்றுப் பாடும் இளைஞர் வேடங்களும் தாய், தாதி, சூனியக்காரி வேடங்களும்தான் அதிகம். ஆனால் சொப்ரானோக்களின் கூட்டத்தை விட இங்கே போட்டி கொஞ்சம் குறைவு. கச்சேரி மேடை வேறு இருக்கிறது: கிறிஸ்துமஸ் வந்தால் ஊருக்கு ஊர் ஹாண்டலின் மெசையா என்ற பெரிய இசைப் படைப்பு, ஈஸ்டருக்கு பாஹின் இசை. பலருக்கு வீட்டு வாடகை அதிலிருந்துதான் வருகிறது.

குரல் இனிமையா என்பதை ஆசிரியர் பார்த்துக்கொள்வார். நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு: புரியாத மொழிப் பாட்டின் சொற்களோடு மணிக்கணக்கில் உட்கார அவளுக்குப் பிடிக்கிறதா? ஆடிஷனில் தேறாத மறுநாளும் பயிற்சிக்கு உட்காருகிறாளா? இரண்டுக்கும் ஆம் என்றால் விண்ணப்பிக்கட்டும். அதற்கு முன் கல்லூரியில் சொல்லித்தரும் ஆசிரியர் ஒருவரிடம் கட்டணம் கட்டி ஒரே ஒரு ஆலோசனை வகுப்புக்கு அழைத்துப் போங்கள். ஆடிஷனுக்கு வெர்டியின் கனமான பாட்டு எதுவும் வேண்டாம், அதற்கு இன்னும் பல வருடம் இருக்கிறது. ஒரு பழைய இத்தாலியப் பாட்டு, ஷூபர்ட்டின் ஒரு பாட்டு, ஒரு ஆங்கிலப் பாட்டு என்று அந்தக் கல்லூரி கேட்கும் விதிக்குள் எளிதாகத் தேர்ந்தெடுத்து, அவற்றைச் சுத்தமாகப் பாடினால் போதும்.